300 பேர் மாநாட்டில் பேப்பர் கப்பைத் தவிர்ப்பது எப்படி?

வணக்கம். கல்லூரியில் 300 பேருக்குச் சுற்றுச்சூழல் மாநாடு, கேட்டரிங்காரர் பேப்பர் கப்தான் தருவேன் என்கிறார் என்று கேட்டிருந்தீர்கள். விடாதீர்கள். உள்ளே பிளாஸ்டிக் பூச்சுள்ள பேப்பர் கப்புகளுக்குத் தமிழ்நாட்டில் 1.1.2019 முதல் தடை உண்டு. அதை மாநாட்டிலேயே வைத்தால் பேசுகிற பேச்சுக்கு மதிப்பே இல்லை.

சிக்கல் வருவது டீ இடைவேளையில்தான். 15 நிமிடத்தில் 300 பேரும் ஒரே மேசைக்கு வருவார்கள். டம்ளர் தீர்ந்ததும் கப் கட்டு வெளியே வந்துவிடும். எனவே 350 எவர்சில்வர் டம்ளர் வாடகைக்கு எடுங்கள், கழுவிச் சுழற்றலாம் என்று 150-இல் நிறுத்த வேண்டாம். நான்கு மேசைகளைத் தள்ளித்தள்ளிப் போடுங்கள். ஒவ்வொன்றின் பக்கத்திலும் எச்சில் டம்ளருக்கு ஒரு டப். இல்லையென்றால் டம்ளர்கள் நாற்காலிக்கடியில் போய்விடும். கழுவ மட்டும் இரண்டு ஆட்கள்.

குடிநீர் ஆளுக்கு ஒன்றரை லிட்டர், அதாவது 450 லிட்டர்: 20 லிட்டர் கேன் 23. வெயில் காலமென்றால் 30.

'பேப்பர் கப், பாட்டில் தண்ணீர் கூடாது' என்பதை ஒப்பந்தத்திலேயே எழுதி, அட்வான்ஸ் கொடுக்கும் முன் கையெழுத்து வாங்குங்கள். வாய்ப்பேச்சு அன்று காலையில் நிற்காது.