தொடப்பக்கட்டை எட்டுற தூரம்

வணக்கம் சார்,

ரேடியோவப் பத்தி போன வாரம் நீங்க எழுதினத படிச்சேன். நல்லா இருந்துச்சு, ஆனா தப்பா எடுத்துக்காதீங்க, கொஞ்சம் பழைய ஞாபகப் புலம்பலாவும் இருந்துச்சு. நான் மணப்பாறை பக்கம், டெலிவரி வேலை, நாள் முழுக்க வண்டியிலதான், காதுல எதாவது ஓடிக்கிட்டே இருக்கும். எஃப்எம் போட்டா சினிமா பாட்டு, ஃபோன் போட்டு கலாய்க்கிறது, லவ் டிப்ஸ், திரும்ப சினிமா பாட்டு. எங்க பக்கத்துல ஒரு கொளம் பாதி காணாமப் போச்சு, சுடுகாட்டுப் பாதைக்கு இன்னும் சண்டை நடக்குது, ஒருத்தரும் மூச்சு விடல. என் மச்சான் அமெரிக்கால இருக்கான், அங்க டாக் ரேடியோன்னு பாட்டே இல்லாம பேச்சு மட்டுமே ஓடுமாம், அரசியல் சரித்திரம் எல்லாம் பிரிச்சு மேய்வாங்களாம். நம்ம ஆர்ஜேங்களுக்கு மட்டும் ஏன் சார் தைரியம் இல்ல? அப்புறம், யூட்யூப் வாட்ஸப் எல்லாம் இருக்கிறப்ப இனி ரேடியோ எதுக்கு? கடைசியா ஒண்ணு, நானே ஒரு ஸ்டேஷன் ஆரம்பிக்க முடியுமா?

கே., மணப்பாறை

அன்புள்ள கே.,

புலம்பல்னு சொன்னதுக்கு கோவம் எல்லாம் இல்ல, பாதி புலம்பல்தான் அது. வயசானா ரேடியோ பத்தி எழுதுறது ஒரு வியாதி மாதிரி வந்துருது.

ஆர்ஜேங்கள விட்ருங்க, பாவம். இந்தியாவுல தனியார் எஃப்எம்மா இருந்தாலும் சரி, காலேஜோ தொண்டு நிறுவனமோ ஒரு வட்டாரத்துக்குன்னு நடத்துற சமுதாய வானொலியா இருந்தாலும் சரி, சொந்தமா செய்தி தயாரிச்சு சொல்ல அனுமதியே கிடையாது, இன்னிக்கு வரைக்கும். டிவியில ராத்திரி எட்டு பேரு உக்காந்து கத்தலாம், பேப்பர்ல எழுதலாம், ஃபோன் வச்சிருக்கிறவன் எல்லாம் சேனல் நடத்தலாம், ரேடியோ மட்டும் கூடாது. தனியார் எஃப்எம்காரங்க வேணும்னா ஆகாசவாணி செய்திய ஒரு எழுத்து மாத்தாம அப்படியே எடுத்துப் போட்டுக்கலாம். டிராஃபிக், வானிலை, பரிட்சை ரிசல்ட், கரண்ட் கட், தண்ணி சப்ளை, இதெல்லாம் செய்தி கணக்குல வராதுன்னு ரூல்லயே ஒரு லிஸ்ட் போட்டு விட்டிருக்காங்க. அதாவது இன்னிக்கு தண்ணி வராதுன்னு சொல்லலாம், ஏன்யா வரலன்னு கேட்டீங்கன்னா நீங்க செய்திக்குள்ள போயிட்டீங்க.

இத்தனைக்கும் 1995 பிப்ரவரிலயே சுப்ரீம் கோர்ட்டு அலைவரிசை பொதுச் சொத்துன்னு சொல்லிடுச்சு. பேச்சுரிமைப் போராளிங்க யாரும் போட்ட கேஸ் இல்ல அது, 1993 ஹீரோ கப் மேட்ச யாரு டெலிகாஸ்ட் பண்றதுன்னு வங்காள கிரிக்கெட் சங்கம் போட்ட சண்டை, நமக்கு எல்லா நல்லதும் கிரிக்கெட் வழியாத்தான் வரணும்னு இருக்கு போல. 2002 கடைசில காலேஜுங்களுக்கு மட்டும் லைசன்ஸ்னு ஆரம்பிச்சாங்க, 2004 பிப்ரவரி 1ஆம் தேதி நாட்டோட மொத சமுதாய வானொலி நம்ம சென்னையில அண்ணா யுனிவர்சிட்டியில வந்துச்சு, 2006லதான் தொண்டு நிறுவனங்களுக்கும் கதவ தொறந்தாங்க. ஆனா செய்தி விஷயத்துல போட்ட வாய்ப்பூட்டு மட்டும் அப்படியே இருக்கு. பாதுகாப்பு, கண்காணிக்க முடியாதுன்னு காரணம் சொல்றாங்க. ஃபோன்ல நிமிஷத்துக்கு ஒரு வதந்தி பறக்குற ஊர்ல நூறு வாட் டிரான்ஸ்மிட்டர கண்காணிக்க முடியாதாம்.

இது எனக்கு எப்படி உறைச்சுதுன்னு சொல்றேன். சில வருஷம் முன்னாடி ஒரு காலேஜ் ரேடியோவுல (பேரு வேணாம்) எங்க ஊர் கொளத்தப் பத்தி பேசக் கூப்பிட்டாங்க. நானும் கரை, மதகு, மடை, தண்ணி தொறந்து விடுற நீர்க்கட்டின்னு எல்லாத்தையும் ஒரு முக்கா மணி நேரம் அளந்து விட்டேன், நடுவுல மேற்குக் கரைய யாரு வளைச்சுப் போட்டதுன்னும் ஒரு வரி வந்துருச்சு. ரெக்கார்டிங் முடிஞ்சதும் அந்த நிகழ்ச்சி பாத்துக்கிட்டிருந்த பொண்ணு தயங்கித் தயங்கி, "சார் அந்த ஒரு வரி மட்டும் எடுத்துடறேன் சார், அது நியூஸ் ஆயிடும்"ன்னுச்சு. எனக்கு சுருக்குன்னு இருந்துச்சு, ஆனா அந்தப் பொண்ண என்ன சொல்றது, லைசன்ஸ் போனா அதுக்கும் வேலை போகும், முப்பது பசங்க கத்துக்கிற எடமும் போகும்.

அடுத்த வாரம் அதையே போட்டுட்டு நேயர்கள் ஃபோன் பண்ணலாம்னு லைவ் வச்சாங்க, நானும் போயி உக்காந்திருந்தேன். ஒரு பெரியவர் லைன்ல வந்தாரு. ரொம்ப நிதானமா, "அய்யா, நீங்க கொளத்தப் பத்தி சொன்னது எல்லாம் சரிதான். அந்தக் கொளத்துல ரெண்டு படித்துறை இருந்துச்சு. எங்களுக்கு மாடு குளிப்பாட்ற பக்கம். அத நீங்க சொல்லல"ன்னாரு. அவ்ளோதான், வச்சுட்டாரு. ஸ்டூடியோவுல ஏசி சத்தம் மட்டும் கேக்குது. அந்தப் பொண்ணு என்னப் பாக்குது, நான் மைக்கப் பாக்குறேன். கட் பண்ண வேண்டியது இல்ல பாருங்க, அவரு "இருந்துச்சு"ன்னுதான சொன்னாரு. இறந்த காலம். சரித்திரம். ரூலுக்கு உட்பட்டது.

வெளிய வந்து வண்டிய எடுத்துக்கிட்டு நேரா கொளத்துக்குப் போனேன். ரெண்டு படித்துறையும் அப்படியே இருந்துச்சு, அன்னிக்கு சாயங்காலமும் யாரு எங்க எறங்குறாங்கன்னு பாத்தேன். இதுக்கு மேல அதப் பத்தி எழுதல.

நீங்க தைரியம் இல்லன்னு சொல்றது எனக்கு இங்கதான் ஒத்துவரல. செய்தின்னு சொன்னா தடை, சரித்திரம்னு சொன்னா ஓகேன்னு ஆனதும் ஜனங்க நிகழ்காலத்த இறந்தகாலமா மாத்திப் பேசக் கத்துக்கிட்டாங்க. கேக்குறவனுக்கு புரியும். அதே கொளத்துல குளிக்கிறவன் இல்லையா.

உங்க மச்சான் விஷயத்துக்கு வரேன். அவரு சொல்ற டாக் ரேடியோ பெரும்பாலும் லோக்கலே இல்ல. ஒரு விவகாரத்துல ரெண்டு பக்கத்தையும் சொல்லணும்னு அங்க 1949லருந்து ஒரு விதி இருந்துச்சு, 1987ல அத எடுத்துட்டாங்க, அடுத்த வருஷமே ரஷ் லிம்பாங்கிற ஒருத்தர் நாடு முழுக்க பேச ஆரம்பிச்சு நூத்துக்கணக்கான ஸ்டேஷன்ல அவரு ஒரே குரல்தான். 1996ல ஒரு கம்பெனி நாடு முழுக்க இத்தனை ஸ்டேஷன்தான் வச்சிருக்கலாம்ங்கிற வரம்பையும் தூக்கிட்டாங்க, ஒரே கம்பெனி ஆயிரத்துக்கும் மேல வாங்கிப் போட்டுச்சு. எங்கியோ ஒரு ஊர்ல உக்காந்து பேசி வச்சத இன்னொரு ஊர்ல "நம்ம ஊர்"னு ஓட்டுறது. அதப் பாத்து பொறாமப்படாதீங்க.

பொறாமப்படணும்னா வேற ஒண்ணு இருக்கு. அட்லாண்டாவுல ஆபர்ன் அவென்யூன்னு ஒரு தெரு, கறுப்பின மக்களோட கடைத்தெரு. 1949ல ஜெஸ்ஸி பிளேட்டன்ங்கிற கறுப்பினத்துக் கணக்காளர், ஆமா ஆடிட்டர்தான், அங்க டபிள்யூஇஆர்டின்னு ஒரு ஸ்டேஷன வாங்குறாரு, கறுப்பினத்தவர் ஒருத்தர் சொந்தமா வச்சிருந்த மொத ரேடியோ ஸ்டேஷன் அமெரிக்காவுல அதுதான். அதே கட்டடத்துல கீழ மார்ட்டின் லூதர் கிங்கோட அமைப்பு ஆபீஸ். அவருக்கு அவசரமா ஜனங்ககிட்ட எதாவது சொல்லணும்னா தொடப்பக்கட்டையால விட்டத்தத் தட்டுவாராம், மேல இருக்கிறவங்க ஜன்னல் வழியா மைக்க எறக்கி விடுவாங்களாம். வாய்வழியா வந்த கதைதான், கொஞ்சம் மசாலா சேந்திருக்கலாம், இருந்தாலும் லோக்கல் ரேடியோன்னா என்னன்னு எனக்கு யாராவது கேட்டா நான் இதத்தான் சொல்லுவேன். தொடப்பக்கட்டை எட்டுற தூரம்.

அவங்களும் எல்லாத்தையும் பட்டவர்த்தனமா பேசிட முடியல. 1963 மே 2ஆம் தேதி அலபாமா மாநிலத்து பர்மிங்ஹாம்ல ஆயிரத்துக்கும் மேல பள்ளிக்கூடப் பசங்க நிற ஒதுக்கலுக்கு எதிரா கிளாஸ விட்டு வெளிய வந்து ஊர்வலம் போனாங்க, நூத்துக்கணக்குல ஜெயில்ல போட்டாங்க. அந்தப் பசங்களுக்குத் தகவல் போனதுல உள்ளூர் கறுப்பின டிஜேங்களுக்கு பெரிய பங்கு. ஷெல்லி ஸ்டூவர்ட், டால் பால்னு அந்தப் பசங்க உயிரா கேட்ட ஆளுங்க. பாட்டுக்கு நடுவுல, பார்க்ல பார்ட்டி இருக்கு, டூத் பிரஷ் எடுத்துட்டு வாங்கன்னு சிரிச்சுக்கிட்டே சொல்றது. பார்ட்டிக்கு எவனாவது பிரஷ் எடுத்துட்டுப் போவானா? ராத்திரி ஜெயில்ல தங்க வேண்டி வரும்னு அர்த்தம். கேட்டுக்கிட்டிருந்த போலீசுக்கு அது வெறும் ஆர்ஜே உளறல். நம்ம பெரியவரோட "இருந்துச்சு"வும் இந்த ஜாதிதான்னு எனக்குத் தோணும்.

இப்ப நம்ம பக்கத்துக்கு வாங்க. தெலங்கானாவுல ஜஹீராபாத் பக்கம் மாச்சனூர்னு ஒரு கிராமம். அங்க சங்கம் ரேடியோன்னு ஒண்ணு, நடத்துறது தலித் பெண்கள், சின்னச் சின்ன மானாவாரி நெலத்துல சோளம் தினை பயிர் வைக்கிறவங்க. பொறுப்பா இருந்து நடத்தினவங்க ரெண்டு பேரு பேருமே நரசம்மா, ஒருத்தர ஜெனரல் நரசம்மான்னு கூப்புடுவாங்க. லைசன்ஸ் கெடைக்கிறதுக்கு பல வருஷம் முன்னாடியே இவங்க நிகழ்ச்சி தயாரிக்க ஆரம்பிச்சுட்டாங்க. டிரான்ஸ்மிட்டர் இருக்கு, அனுமதி இல்ல, அதனால கேசட்டுல பதிஞ்சு ஊர் ஊரா சங்கக் கூட்டத்துல போட்டுக் காட்டுறது, காத்துல போக வேண்டியது கட்டப்பையில போச்சு. கடைசில 2008 அக்டோபர் 15 ஒலிபரப்பு ஆரம்பிச்சப்ப தொடங்கி வைக்க வந்தவர் யாருன்னு நெனைக்கிறீங்க, நீதிபதி பி.பி. சாவந்த், அந்த 1995 தீர்ப்ப எழுதினவர்ல ஒருத்தர். தீர்ப்பு எழுதி பதிமூணு வருஷம் கழிச்சு அது நடக்குறத நேர்ல வந்து பாத்திருக்காரு.

அவங்க என்ன பேசுறாங்க? வெத. எந்த வெதைய எப்ப வெதைக்கணும், யாருகிட்ட இருக்கு, பாட்டி என்ன சொன்னா, ஆட்டுக்கு நோவு வந்தா என்ன பச்சிலை, களையெடுக்கிற பாட்டு. சாயங்காலம் ரெண்டு மணி நேரம், வேலை முடிஞ்சு வீட்டுக்கு வந்த நேரம். எல்லாம் அவங்க பேசுற தெலுங்குல, டிவி தெலுங்கு இல்ல. மேலோட்டமா கேட்டா விவசாய நிகழ்ச்சி மாதிரிதான் இருக்கும். ஆனா ஊரு ஒதுக்கி வச்ச பொண்ணுங்க, எந்த வெதை நல்லதுன்னு ஊருக்கே சொல்றாங்கங்கிறது சின்ன விஷயமா? இதுல எந்த வரி செய்தின்னு எந்த அதிகாரி வந்து கண்டுபிடிப்பாரு.

யூட்யூப் போதாதான்னு கேட்டீங்க. நெறைய விஷயத்துக்குப் போதும், நானும் பாக்குறேன். ஆனா அங்க உங்க கொளத்தப் பத்தின வீடியோவ டொரண்டோவுல ஒருத்தர் பாத்து அழுவாரு, கொளத்துக் கரையில இருக்கிறவன் பாக்க மாட்டான். சமுதாய வானொலி பத்து பதினஞ்சு கிலோமீட்டர்தான் போகும், அதத்தான் நான் அதோட பலம்னு சொல்றேன், பேசுனவன் மறுநாள் சந்தையில கேட்டவன் மூஞ்சில முழிக்கணும். பாம்பன்ல கடல் ஓசைன்னு 2016லருந்து மீனவங்களுக்காகவே ஒண்ணு ஓடுது, காத்து எப்படி அலை எப்படின்னு, அது மதுரைக்காரனுக்கு எதுக்கு? பாம்பன்காரனுக்கு உசுரு.

ஆனா ஒண்ணு, பக்கத்துல இருந்து பேசுறது எல்லாம் நல்லதுன்னும் எழுதிட்டுப் போக மாட்டேன். ருவாண்டாவுல 1993 ஜூலைல ஆரம்பிச்ச ஆர்டிஎல்எம்ங்கிற ரேடியோவும் அப்படித்தான், நல்ல பாட்டு, ஜோக்கு, தெருவுல பேசுற மாதிரி பேச்சு, மறுவருஷம் டுட்சி இனப்படுகொலை நடந்தப்ப யாரு எங்க ஒளிஞ்சிருக்காங்கன்னு பேரும் எடமும் சொல்லி ஆளுங்களக் கொல்ல வச்சுது. பக்கத்துல இருக்கிறவனுக்குத்தான உங்க வீடு தெரியும். அதனால தைரியத்துக்கும் முன்னாடி நான் பாக்குறது, திட்டு வாங்குறவன் அதே ஸ்டேஷனுக்கு ஃபோன் பண்ணி பதில் சொல்ல முடியுதான்னுதான். அந்தப் பெரியவர் என்னயே திருத்தினாரு இல்லையா.

நீங்க ஆரம்பிக்கலாமான்னா, தனி ஆளுக்குக் குடுக்க மாட்டாங்க. கட்சிக்கும் கிடையாது, கட்சி சார்ந்த சங்கத்துக்கும் கிடையாது. பதிவு பண்ணி மூணு வருஷமாச்சும் வேலை பாத்த டிரஸ்ட்டோ சொசைட்டியோ, இல்ல காலேஜோ இருக்கணும், நிகழ்ச்சில பாதியாவது உள்ளூர்ல தயாரிச்சதா இருக்கணும். மிஷின விட மாசாமாசம் சம்பளம்தான் கழுத்தப் புடிக்கும், மணிக்கு 12 நிமிஷம் விளம்பரம் போடலாம், அரசு விளம்பரத்துக்கு பத்து செகண்டுக்கு 74 ரூபான்னு 2024ல ஏத்துனாங்க, அதுவும் வந்தாத்தான். அதனால இப்பவே ஸ்டேஷன் வேணாம், பக்கத்துல இருக்கிற காலேஜ் ரேடியோவுக்கு ஒரு நிகழ்ச்சி செஞ்சு குடுங்க, அவங்களுக்கும் ஆளு பத்தாது, சந்தோஷமா வாங்கிக்குவாங்க.

உங்க ஃபோனே போதும். உங்க பக்கத்துல எழுபது தாண்டின அம்மா யாராவது இருப்பாங்க, அவங்க வீட்டுத் திண்ணையில உக்காந்துக்கங்க, உள்ள வேணாம், ஃபேன் சத்தம் கேக்கும். மொத பத்து நிமிஷம் உருப்படியா ஒண்ணும் வராது, அவங்கதான் உங்கள விசாரிப்பாங்க, எந்த ஊரு யாரு புள்ளன்னு, அதையும் அழிக்காதீங்க. கொளம், மழை, கல்யாணம்னு போகட்டும். சுடுகாட்டுப் பாதைய கடைசில கேளுங்க. இப்ப என்ன நடக்குதுன்னு கேக்காதீங்க, அந்தக் காலத்துல எந்தப் பக்கமா தூக்கிட்டுப் போவீங்கன்னு கேளுங்க.