ரிப்போர்ட்ல 'மூளைச் சுருக்கம்'னு போட்டிருக்கே, பயப்படணுமா?

கேள்வி: எனக்கு வயசு 64. அடிக்கடி தலை சுத்துதுன்னு போன மாசம் எம்.ஆர்.ஐ. ஸ்கேன் எடுத்தாங்க. சுத்தல் சரியாயிடுச்சு, ஆனா ரிப்போர்ட் கடைசி வரியில 'வயதுக்கேற்ற மூளைச் சுருக்கம்'னு இருந்துச்சு. அதைப் படிச்சதுலேர்ந்து யார் பேராவது சட்டுனு வரலைன்னாகூட அடிவயிறு கலங்குது. மறதி நோய் ஆரம்பிச்சிருச்சா?

பதில்: அம்மா, அந்த வரியில 'வயதுக்கேற்ற'ன்னு இருக்கு பாருங்க, அதை இன்னொரு தடவை படிங்க. முடி நரைக்கிற மாதிரி இதுவும் இந்த வயசுல எதிர்பார்க்கிறதுதான்னு அர்த்தம். ஹிப்போகாம்பஸ்னு ஒரு பகுதி, கடல்குதிரை மாதிரி வளைஞ்சு மூளைக்குள்ள ஆழத்துல இருக்கும், புதுசா ஒரு விஷயம் மனசுல பதியணும்னா அது வேணும், வயசான காலத்துல அதுவே வருஷத்துக்கு 1 முதல் 2 சதவீதம் வரை சுருங்குது, மறதி நோய் இல்லாதவங்களுக்கும்தான்.

படத்துல தெரியுறதும் ஆள் நடமாடுறதும் எப்பவும் ஒத்துப்போறதில்ல. டேவிட் ஸ்னோடன்னு ஒரு ஆய்வாளர் 1986-ல அமெரிக்காவுல ஆரம்பிச்ச ஆய்வுல 678 கன்னியாஸ்திரிகள் சேர்ந்தாங்க, இறந்தப்புறம் மூளையை எடுத்துக்கோங்கன்னு எழுதியும் கொடுத்தாங்க. அதுல சிஸ்டர் மேரின்னு ஒருத்தர், 101 வயசுல இறந்தாங்க, கடைசியா வச்ச ஞாபக டெஸ்ட்லயும் நல்ல மார்க், ஆனா மூளையைத் திறந்து பார்த்தா அல்சைமர்ங்கிற மறதி நோய்ல வர்ற படிவுகள் ஏராளம். இதைப் படிக்கிறப்போ எனக்கு இன்னிக்கும் சிலிர்க்கும்.

இதெல்லாம் மூளை எப்படி சமாளிக்குதுங்கிறதுக்கு 2002-ல ராபர்ட்டோ கபேசாங்கிற ஆய்வாளர் பண்ண ஆய்வு ஒரு தடயம் கொடுத்துச்சு. ஸ்கேன் மெஷினுக்குள்ள படுக்க வச்சு ஞாபக டெஸ்ட் கொடுத்தாங்க. சின்ன வயசுக்காரங்களுக்கு நெற்றிப் பக்கத்து மூளையில வலது பக்கம்தான் அதிகமா வேலை செஞ்சுது, சரியா பண்ணாத பெரியவங்களுக்கும் அப்படியேதான், ஆனா நல்லா பண்ண பெரியவங்களுக்கு ரெண்டு பக்கமும் வேலை செஞ்சுது. ஒரு கை தளர்ந்தா இன்னொரு கையையும் சேர்த்துப் பிடிக்கிறோமே, அந்த மாதிரின்னு அவர் சொன்னார். இல்ல, அது மூளை ஒரு இடத்துல குவியாம சிதறலா வேலை செய்யுறதுக்கு அடையாளம்னு சொல்றவங்களும் இருக்காங்க, சண்டை இன்னும் முடியல. நான் கபேசா பக்கம்தான்.

பேர் நாக்கு நுனியில நின்னுட்டு, ஒரு மணி நேரம் கழிச்சு துணி மடிக்கிறப்போ தானா வந்து விழுதா? அப்போ பேர் உள்ள இருக்கு, எடுக்கிற வேகம்தான் குறைஞ்சிருக்கு. அதை விட்டு, நேத்து ஒருத்தரைப் பார்த்ததே நினைவில்லை, பழகின தெருவுல வழி தப்புது, சொன்னதையே திரும்பத் திரும்ப கேக்குறீங்கன்னு வீட்ல சொல்றாங்கன்னா தள்ளிப்போடாம நரம்பியல் டாக்டரைப் பாருங்க.

கேள்வி: மூளைப் படத்துல சிவப்பா, மஞ்சளா எரியுதே, அது என்ன?

பதில்: எரியுறதில்ல தம்பி, அந்தக் கலரை கம்ப்யூட்டர் போடுது. வேலை செய்யுற இடத்துக்கு ரத்தம் கூடுதலா ஓடும், ரத்தத்துல ஆக்சிஜன் அளவு மாறுறதை காந்தத்தால பிடிக்கலாம்னு 1990-ல செய்ஜி ஒகாவாங்கிற ஆய்வாளர் காட்டினார். நரம்பு வேலை செஞ்சு 5, 6 செகண்ட் கழிச்சுதான் அந்த சிக்னல் உச்சத்துக்கு வரும். வயசானா ரத்தக்குழாயே இறுகிப்போகும், அதனால தாத்தா படத்தையும் பேரன் படத்தையும் பக்கத்துல வச்சு கலர் கம்மியா இருக்குன்னா, கம்மியானது மூளை வேலையா ரத்த ஓட்டமான்னு பிரிச்சுப் பார்க்கணும்.

கேள்வி: தினமும் சுடோகு போட்டா போதுமா?

பதில்: பிடிச்சா போடுங்க. ஆனா சுடோகு போட்டா சுடோகுதான் நல்லா வரும். நான் முதல்ல நடக்கச் சொல்வேன். 2011-ல கிர்க் எரிக்சன் குழு 120 பெரியவங்களை ரெண்டா பிரிச்சு, ஒரு பாதியை வாரம் 3 நாள் 40 நிமிஷம் வரை நடக்க வச்சாங்க, மறுபாதிக்கு உடம்பை நீட்டி மடக்குற பயிற்சி மட்டும். ஒரு வருஷத்துல நடந்தவங்க ஹிப்போகாம்பஸ் 2 சதவீதம் பெருசாச்சு, மத்தவங்களுக்கு சுருங்குச்சு. பின்னாடி வந்த எல்லா ஆய்வுலயும் இதே அளவு பலன் வரல, அதையும் சொல்லிடுறேன். அப்புறம் பிரஷர், சுகர், காது. ஆமா, காதும்தான், மறதி நோய்க்கு நாம மாத்திக்கக்கூடிய காரணங்கள்னு லான்செட்ங்கிற மருத்துவ இதழோட நிபுணர் குழு 2024-ல போட்ட 14-ல காது கேக்காததும் ஒண்ணு. டிவி சத்தத்தை கூட்டிக்கிட்டே போறீங்கன்னா இந்த வாரமே காதை டெஸ்ட் பண்ணிடுங்க.