பொட்டலத்தின் பின்பக்கத்தைப் படியுங்கள்: வீட்டு பேக்கிங் கேள்வி-பதில்

கேள்வி: டார்க் சாக்லேட் என்று கேட்டு வாங்கிய கட்டியில் கனாஷ் (சாக்லேட்டும் சூடான க்ரீமும் கலந்த குழைவு) செய்தேன். எண்ணெய் பிரிந்து மேலே மிதந்தது. சாப்பிட்டால் அண்ணத்தில் மெழுகு போல ஒட்டுகிறது. போலிச் சரக்கைத் தலையில் கட்டிவிட்டார்களா?

பதில்: போலி இல்லை. உங்களிடம் இருப்பது பெரும்பாலும் காம்பவுண்ட், அதாவது கோகோ வெண்ணெய்க்குப் பதில் வேறு தாவரக் கொழுப்பு சேர்த்த கட்டி. பொட்டலத்தைத் திருப்பிச் சேர்மானப் பட்டியலைப் பாருங்கள். எந்தப் பொருள் எடையில் அதிகமோ அதுதான் பட்டியலில் முதலில் வரும். சர்க்கரை, தாவரக் கொழுப்பு அல்லது பாம் கெர்னல் எண்ணெய், கோகோ தூள் என்று வரிசை போனால் அது காம்பவுண்ட். கோகோ மாஸ் (கோகோ விதையை அரைத்த விழுது), கோகோ வெண்ணெய் இருந்து, தாவரக் கொழுப்பு இல்லாவிட்டால் அசல் சாக்லேட். கூவெர்ச்சர் என்ற உயர்தரச் சாக்லேட்டாக விற்பதில் கோகோ வெண்ணெய் குறைந்தது 31 சதவீதம் இருக்க வேண்டும்.

இந்த ஒரு கொழுப்பு மாறுவதால்தான் எல்லாம் மாறுகிறது. கோகோ வெண்ணெய் ஏறத்தாழ 34 டிகிரி செல்சியஸில் உருகும். நம் உடம்புச் சூடு அதைவிட அதிகம் என்பதால் நாக்கில் பட்டதும் கரைகிறது. காம்பவுண்டில் போடும் கொழுப்பு பல சமயம் அதற்கு மேலான சூட்டில்தான் முழுதாக உருகும். அந்த மெழுகுத் தன்மைக்குக் காரணம் அதுதான்.

அதற்காகக் காம்பவுண்டைத் தூக்கி எறிய வேண்டாம். அச்சில் ஊற்றவும், பிஸ்கட்டை முக்கி எடுக்கவும் அதுவே வசதி. உருக்கி ஊற்றினால் தானாகவே பளபளவென்று இறுகிவிடும். அசல் சாக்லேட்டை அப்படி விட்டால் வெள்ளை பூத்துவிடும். 45 டிகிரி வரை உருக்கி, 27-28க்கு ஆறவைத்து, மறுபடி 31-32க்கு ஏற்றுகிற டெம்பரிங் வேலை அதற்குத் தேவை.

கனாஷுக்கு அசல் சாக்லேட்டே வாங்குங்கள். கேக் மேல் ஊற்ற 100 கிராம் சாக்லேட்டுக்கு 100 கிராம் க்ரீம். ட்ரஃபிள் (கெட்டிக் கனாஷ் உருண்டை) உருட்ட 100 கிராம் சாக்லேட்டுக்கு 50 கிராம் க்ரீம். சாக்லேட்டைச் சுண்டுவிரல் நக அளவுக்குப் பொடியாக நறுக்குங்கள். க்ரீமின் ஓரத்தில் சிறு குமிழிகள் வந்ததும் அடுப்பை அணைத்து, சாக்லேட் மேல் ஊற்றி, 2 நிமிடம் தொடாமல் விடுங்கள். பிறகு நடுவில் சிறிய வட்டமாகக் கிளறத் தொடங்குங்கள். முதலில் திரிந்தது போலத் தெரியும். பயப்பட வேண்டாம், நடுவில் கருமையான பளபளப்பு வந்து மெதுவாக ஓரம் வரை பரவும். அதையும் மீறி எண்ணெய் பிரிந்தால், கொழுப்புக்கு ஏற்ற ஈரம் இல்லை அல்லது சூடு கூடிவிட்டது என்று பொருள். வெதுவெதுப்பான பாலை ஒவ்வொரு தேக்கரண்டியாக விட்டுக் கிளறினால் பெரும்பாலும் கூடிவிடும்.

கேள்வி: குறிப்பில் சொன்னபடியே கோகோவும் சமையல் சோடாவும் போட்டேன். கேக் நல்ல கறுப்பாக வந்தது, ஆனால் சரியாக எழும்பவில்லை, சோப்பு வாடை அடித்தது. கோகோ கெட்டுப்போனதா?

பதில்: கோகோ கெடவில்லை, வகை மாறிவிட்டது. இயற்கைக் கோகோ சற்றுப் புளிப்புத் தன்மை உள்ளது, செம்பழுப்பு நிறம். காரம் சேர்த்துப் பதப்படுத்திய டச்சு வகையில் அந்தப் புளிப்பு நீக்கப்பட்டிருக்கும். கரும்பழுப்பு நிறம், மென்மையான சுவை. சமையல் சோடா வேலை செய்யப் புளிப்பு வேண்டும். டச்சுக் கோகோவில் அது இல்லை. மாவில் தயிர், மோர் போல வேறு புளிப்பும் இல்லாவிட்டால் சோடா அப்படியே தங்கிவிடுகிறது. நீங்கள் உணர்ந்த சோப்பு வாடை அதுதான்.

வாங்கும்போது பட்டியலில் "பொட்டாசியம் கார்பனேட்" அல்லது 501 என்ற எண் இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் டச்சு வகை. அதற்குப் பேக்கிங் பவுடர் போடும் குறிப்புகளே பொருந்தும். வெறும் கோகோ தூள் மட்டும் எழுதியிருந்தால் இயற்கை வகை என்று எடுத்துக்கொள்ளலாம். ஐஸ்க்ரீம், புட்டிங், சூடான பானம் போல மாவு எழும்ப வேண்டாத இடங்களில் எது கிடைத்தாலும் சரி. குடிக்கிற சாக்லேட் தூளை மட்டும் கோகோவுக்குப் பதிலாக வாங்கிவிடாதீர்கள், அதில் சர்க்கரைதான் அதிகம்.

கேள்வி: அரை மணி நேரம் அடித்தும் ஃப்ரெஷ் க்ரீம் கெட்டியாகவில்லை. பீட்டர் சரியில்லையா, க்ரீம் சரியில்லையா?

பதில்: பீட்டரைக் குற்றம் சொல்லாதீர்கள். டப்பாவில் கொழுப்பு எவ்வளவு என்று பாருங்கள். 25 சதவீதம் போட்டிருந்தால் நாள் முழுக்க அடித்தாலும் நுரைதான் வரும். காற்றுக் குமிழிகளைச் சுற்றிக் கொழுப்புத் துகள்கள் ஒன்றோடொன்று ஒட்டிச் சுவர் எழுப்பினால்தான் க்ரீம் நிற்கும். அதற்கு 30 சதவீதமாவது வேண்டும்; 35க்கு மேல் இருந்தால் நிம்மதி. வாங்கிய க்ரீமை வீணாக்க வேண்டாம். கனாஷுக்கும் புட்டிங்குக்கும் அது தாராளமாகப் போதும்.

'விப்பிங் க்ரீம்' என்ற பெயரில் இரண்டு சரக்கு விற்கிறது என்பதையும் தெரிந்துகொள்ளுங்கள். ஒன்று பாலில் எடுத்த க்ரீம். மற்றது தாவரக் கொழுப்பு, சர்க்கரை, நிலைப்படுத்திகள் சேர்த்த டாப்பிங், பெரும்பாலும் உறைந்த நிலையில் வரும். பால் க்ரீம் அடித்தால் அளவு ஏறக்குறைய இரண்டு மடங்காகும். சுவை அருமை, வெயிலில் நிற்காது. டாப்பிங் மூன்று மடங்குக்கு மேலும் பொங்கும், பூ வேலைக்கு உறுதியாக நிற்கும். அதில் ஏற்கெனவே இனிப்பு இருப்பதால் சர்க்கரை சேர்க்கக் கூடாது. உறைந்ததை வெளியே வைத்து அவசரமாக இளக்காமல், முந்தின இரவே ஃப்ரிட்ஜின் கீழ்த்தட்டுக்கு மாற்றுங்கள்.

பால் க்ரீமுக்குக் கிண்ணத்தையும் பீட்டர் கம்பிகளையும் 15 நிமிடம் ஃப்ரீசரில் வைத்துக் குளிரவையுங்கள். 200 மில்லிக்கு 2 மேசைக்கரண்டி பொடித்த சர்க்கரை போதும். கம்பி போகிற தடம் மறையாமல் நிற்கத் தொடங்கியதும் வேகத்தைக் குறையுங்கள். அங்கிருந்து பக்குவம் தப்புவது சில நொடிகளில் நடந்துவிடும். கம்பியைத் தூக்கினால் நுனி லேசாக வளைந்து நிற்கும் இடத்தில் நிறுத்துங்கள். மஞ்சள் சாயலும் மணல் மணலான பதமும் தெரிந்தால் வெண்ணெயாகத் திரளத் தொடங்கிவிட்டது. உடனே அடிக்காத குளிர்ந்த க்ரீம் 2 மேசைக்கரண்டி விட்டுக் கையால் கலக்கினால் ஆரம்ப நிலையில் காப்பாற்றலாம்.

கேள்வி: வெண்ணெய்க்குப் பதில் விலை குறைந்த ஸ்ப்ரெட் போட்டேன். குக்கீஸ் எல்லாம் ஒன்றாக ஓடிப் படர்ந்துவிட்டன.

பதில்: படராமல் என்ன செய்யும்! வெண்ணெயில் 80 சதவீதத்துக்குக் குறையாமல் கொழுப்பு, 16 சதவீதம் வரை நீர். ஸ்ப்ரெட் சிலவற்றில் கொழுப்பு பாதிகூட இல்லை, மிச்சம் பெரும்பாலும் தண்ணீர். ரொட்டியில் தடவ அது சரி, பேக்கிங்குக்குக் காசுக்குக் கேடு. உப்பில்லாத வெண்ணெய் கிடைக்காவிட்டால் உப்புள்ளதை வாங்கி, குறிப்பில் உள்ள உப்பை விட்டுவிடுங்கள். 100 கிராமில் ஏறக்குறைய 1.5 முதல் 2 கிராம் உப்பு இருக்கும். வெண்ணெயும் சர்க்கரையும் அடித்துச் செய்கிற பட்டர்க்ரீமுக்கு மட்டும் அது ஒத்துவராது, உப்புக் கரித்துக்கொண்டு முன்னால் நிற்கும்.

கேள்வி: பேக்கிங் பவுடர் டப்பா திறந்து ஏழு மாதம் ஆகிறது. புதிதாக வாங்கணுமா?

பதில்: அரை கப் சூடான நீரில் 1 தேக்கரண்டி போடுங்கள். சட்டென்று பொங்கினால் இன்னும் நன்றாக இருக்கிறது. ஏனோதானோவென்று நாலு குமிழி விட்டால் தயங்காமல் கொட்டிவிடுங்கள். சிறிய டப்பாவாக வாங்குவதே மேல். பெரிய டப்பாவில் மிச்சம் பிடித்த காசு ஈரம் ஏறிப் போய்விடும்.

கேள்வி: முதலில் எதை வாங்குவது: அளவு கப்பா, தராசா? 8 அங்குல டின்னுக்கான கலவையை 6 அங்குல டின்னில் ஊற்றலாமா?

பதில்: தராசு, சந்தேகமே வேண்டாம். கப் 240 மில்லியிலும் உண்டு, 250 மில்லியிலும் உண்டு. அதைவிட, கப்பை மைதாவுக்குள் விட்டு அள்ளினால் 150 கிராம் வரை ஏறும். கரண்டியால் மெதுவாகப் போட்டு வழித்தால் 120. இரண்டு கப் மாவில் 60 கிராம் வித்தியாசம் வந்தால் கேக் வறண்டு வெடிக்கத்தான் செய்யும். 5 கிலோ வரை தாங்கி, 1 கிராம் வரை காட்டுகிற, பாத்திர எடையைக் கழிக்கும் பொத்தான் உள்ள தராசு போதும். சோடா, பேக்கிங் பவுடர் போல ஐந்து கிராமுக்குள் வருபவற்றை மட்டும் அளவுக் கரண்டியால் எடுங்கள். அந்தச் சிறிய எடையை இத்தகைய தராசு சரியாகக் காட்டாது.

டின்னில் விட்டத்தைப் பார்க்காமல் பரப்பைப் பாருங்கள். 8 அங்குல வட்டம் சுமார் 50 சதுர அங்குலம், 6 அங்குலம் 28தான். ஆகவே 8 அங்குலக் கலவையில் பாதியும் கொஞ்சமும்தான் 6 அங்குல டின்னில் பிடிக்கும். அதே 8 அங்குலம் சதுரமாக இருந்தால் 64, அதாவது 9 அங்குல வட்டத்துக்குச் சமம். எந்த டின்னானாலும் முக்கால் பாகத்துக்கு மேல் ஊற்றாதீர்கள்.

கேள்வி: அசைவம் இல்லாமல் அன்னாசிப் பழ ஜெல்லி செய்ய வேண்டும். ஜெலட்டினுக்குப் பதில் அகர் அகர் அதே அளவில் போடலாமா?

பதில்: அகர் கடற்பாசியில் எடுப்பது, சைவம். உங்கள் பழத்துக்கும் அதுதான் பொருத்தம். வேகவைக்காத அன்னாசியிலும் பப்பாளியிலும் கிவியிலும் உள்ள நொதி ஜெலட்டினைச் சிதைத்துத் தண்ணீராகவே வைத்திருக்கும். ஆனால் அளவு ஒன்றல்ல. 500 மில்லிக்கு ஜெலட்டின் 7 கிராம் என்றால் அகர் தூள் 3 முதல் 4 கிராம் போதும். ஜெலட்டினைக் கொதிக்க விடக் கூடாது. அகரைக் கொதிக்க வைத்தே ஆக வேண்டும். 2 நிமிடம் விடாமல் கிளறி, தூள் கண்ணுக்குத் தெரியாமல் கரைந்த பிறகு இறக்குங்கள். இழையாக வாங்கியிருந்தால் முதலில் ஊறவையுங்கள். பழச்சாற்றை அறைச் சூட்டில் வைத்துச் சேர்க்க வேண்டும். ஃப்ரிட்ஜிலிருந்து எடுத்த கையோடு ஊற்றினால் கலக்கும் முன்பே அகர் கட்டி கட்டியாக இறுகிவிடும். அப்படி ஆனாலும் கவலையில்லை, மறுபடி சூடாக்கினால் கரைந்துவிடும்.