கோட்பாடா, ஆய்வகமா?

கேள்வி: அக்கா, டர்பனில் இயற்பியல் மாஸ்டர்ஸ் முடிக்கப் போகிறேன். பிஎச்டிக்கு அண்டவியல் கோட்பாடு எடுக்க ஆசை. "பேப்பரும் பேனாவும் சோறு போடுமா? லேசர் பக்கம் போ" என்கிறார் அப்பா. என்ன செய்ய?
- வாசகி, சாட்ஸ்வர்த்

பதில்: அப்பா கவலைப்படுவதில் தப்பில்லை தங்கச்சி, ஆனால் அவர் நினைக்கிற பேப்பர், பேனா காலம் போய்விட்டது. நம் கரூ வறண்ட வெளியில் 2018-ல் 64 டிஷ்ஷோடு திறந்த மீர்கேட் ரேடியோ தொலைநோக்கி கொட்டுகிற தரவை அலசக் கோட்பாடு படித்தவர்களும் உட்கார்ந்து கம்ப்யூட்டர் கோட் எழுதுகிறார்கள், அந்தப் பயிற்சி இருந்தால் ஜோகன்னஸ்பர்க் வங்கிகளிலும் வேலை தேடலாம். கோட் பக்கமே போக மாட்டேன் என்றால் மட்டும் அப்பா சொல்வது சரி.

நான் ஆய்வகக்காரி. சுகமான வேலை என்று நினைக்காதே. காற்றை உறிஞ்சி எடுக்கிற வெற்றிட பம்பை ராத்திரி முழுக்க ஓட்டி அழுத்தத்தை இறக்கி வைத்திருப்பேன், இரண்டு மணி நேரம் லோட்ஷெடிங், அதாவது மின்வெட்டு, வரும், எல்லாம் போச்சு, மறுபடி முதலிலிருந்து. ஒரு வால்வு வெளிநாட்டிலிருந்து வர ஐந்து மாதம் காத்திருந்தேன். ஆனாலும் ஸ்பானரும் கையுமாக இருப்பது எனக்குப் பிடிக்கும், அதனால் தாங்கினேன்.

அப்புறம், இந்த இரண்டுக்கும் நடுவே சுவர் ஒன்றும் இல்லை. ஆலன் கார்மாக் நம் ஜோகன்னஸ்பர்க்கில் பிறந்தவர். கேப்டவுனில் இயற்பியல் விரிவுரையாளராக இருந்தபோது, 1956-ல், கதிரியக்கப் பொருட்களைக் கவனிக்க குரூட் ஸ்கூர் ஆஸ்பத்திரிக்கு வாரம் ஒன்றரை நாள் போனார். கதிர் உடம்புக்குள் எங்கெங்கே எவ்வளவு உறிஞ்சப்படுகிறது என்பதை வெளியிலிருந்தே எடுத்த அளவுகளை வைத்துக் கண்டுபிடிக்க முடியுமா என்று யோசித்தார். அது சுத்தமான கணக்கு. சோதித்துப் பார்க்க மரவளையம் சுற்றிய அலுமினிய உருளை ஒன்று செய்து காமா கதிரை விட்டார். கணக்கில் நடுவை ஒட்டிய புள்ளிகள் மட்டும் கொஞ்சம் உதைத்தன. பார்த்தால், உருளையின் நடுவில் சற்றே வேறு மாதிரியான அலுமினிய ஆப்பு ஒன்று இருந்திருக்கிறது, அவருக்கே தெரியாது! அந்த வேலைக்குத்தான் 1979-ல் நோபல், சிடி ஸ்கேனுக்காக. அவரை எந்தப் பக்கம் சேர்ப்பாய்?

பெயரை விடு. விடை வராத ஒரே சமன்பாட்டோடு மூன்று வாரம் கிடக்க முடியுமா, இல்லை கசிகிற குழாயோடா? அதைப் பார். நீ சேர நினைக்கும் மேற்பார்வையாளரின் பழைய மாணவர்கள் இரண்டு பேரையாவது பிடித்து, எத்தனை வருஷத்தில் முடித்தார்கள், இப்போது என்ன வேலையில் இருக்கிறார்கள் என்று கேள். அந்தப் பதிலை அப்பாவிடமும் காட்டு.