மாதிரி ரவிக்கைக்கு மல் வேண்டாம், காடா வாங்குங்கள்

கேள்வி: அமெரிக்கத் தையல் வீடியோ ஒன்றில், பட்டில் கத்தரி வைக்கும் முன் மஸ்லினில் மாதிரி தைத்துப் பார்க்கச் சொன்னார்கள். கடையில் மஸ்லின் என்று கேட்டு வாங்கியது உள்ளங்கை தெரிகிற அளவுக்கு மெல்லிசு. மாதிரி எனக்குச் சரியாக இருந்தது. அதே அளவில் தைத்த பட்டு ரவிக்கை மார்பில் பிடிக்கிறது. துணிதான் காரணமா?

பதில்: பெரும்பாலும் துணிதான். அந்த வீடியோக்காரர் சொல்லும் மஸ்லின், வெளுக்காத, ஓரளவு கனமான சாதா நெசவுத் துணி. பிரிட்டனில் அதைக் காலிகோ என்பார்கள். அமெரிக்காவில் காலிகோ என்று கேட்டால் பூப்போட்ட அச்சுத்துணி வரும். வீடியோக்காரர் சொல்லும் அந்த வெளுக்காத துணிக்கு நம் ஊரில் காடா என்று பெயர். உங்களுக்குக் கொடுத்தது மல். குழந்தையைச் சுற்றவும் கோடைக்கு உடுத்தவும் அதைப்போல் சுகமான துணி கிடையாது. ஆனால் நெசவு கலகலவென்று இருப்பதால் இழுத்த பக்கம் வரும். கிராஸாக, அதாவது நூலுக்குச் சாய்வாக வெட்டும் மார்புத் துண்டில் இன்னும் நெகிழும். பட்டு அப்படி விட்டுக்கொடுக்காது.

பெயரை நம்பாமல் எடையைப் பாருங்கள். ஒரு சதுர மீட்டர் துணி எத்தனை கிராம் என்பதுதான் ஜிஎஸ்எம். மல் சுமார் 50 முதல் 70, லைனிங்குக்குப் போடும் கேம்ப்ரிக் 80 முதல் 100, சட்டைக்குப் போடும் பாப்ளின் 110 முதல் 130. காடா பல கனத்தில் வரும். உங்களுக்கு 120 வாக்கில் போதும். கடைக்காரருக்கு ஜிஎஸ்எம் தெரியாவிட்டால் ஒரு மீட்டர் வாங்கிச் சமையலறைத் தராசில் வையுங்கள். 44 அங்குல அகலத்தில் 134 கிராம் காட்டினால் அது 120 ஜிஎஸ்எம். அவர் 60, 80 என்று சொன்னால் அது நூல் நம்பர், எடையல்ல. நம்பர் கூடக் கூட நூல் மெல்லிசாகும்.

காடாவில் நெசவுக்குப் போட்ட கஞ்சி இருக்கும். மாதிரிக்கு அது நல்லதே, விறைப்பாக நிற்கும். நனைக்காமல் இஸ்திரி மட்டும் போட்டு வெட்டுங்கள். லைனிங்குக்குக் கேம்ப்ரிக் போதும், ஆனால் அதை ஓர் இரவு ஊறவைத்துக் காயவைத்த பிறகே வெட்ட வேண்டும். இல்லையென்றால் முதல் நனைப்பிலேயே லைனிங் சுருங்கி, மேல்துணி தையலோரம் கொசகொசவென்று நிற்கும்.

அப்புறம், பிடிக்கிற ரவிக்கையை ஒதுக்கிவிடாதீர்கள். பக்கத்தையலில் உள்ளே துணி விட்டிருந்தால், இரு பக்கமும் கால் அங்குலம் பிரித்துத் தைத்தாலே சுற்றளவில் ஓர் அங்குலம் கூடும்.