ஞானப் பல்லும் கீழ்த்தாடை நரம்பும்: எந்தப் படம் எதைக் காட்டும்?

ரங்கூனில் பல் எக்ஸ்ரே எடுக்கும் வேலையில் இருக்கிறேன். கீழுதட்டுக்கு உணர்வு தரும் கீழ்த்தாடை நரம்பைப் பற்றிப் பல ஊர்களிலிருந்து கேட்டவர்களுக்கு ஒரே இடத்தில் பதில் எழுதுகிறேன். ஓ.பி.ஜி. என்பது தாடை முழுவதையும் ஒரே படத்தில் காட்டும் எக்ஸ்ரே. சி.பி.சி.டி. என்பது முப்பரிமாணத்தில் காட்டும் எக்ஸ்ரே ஸ்கேன்.

மோல்மேன்: அக்கா, கீழ் ஞானப் பல் படுத்த மாதிரி முளைத்திருக்கிறது. ஓ.பி.ஜி. எடுத்தாயிற்று. இப்போது சி.பி.சி.டி.யும் எடுக்கச் சொல்கிறார் டாக்டர். ஒன்று போதாதா?

பலருக்குப் போதும். உங்களுக்குப் போதுமா என்பதை அந்த ஓ.பி.ஜி.யே சொல்லும். நரம்பு தாடை எலும்புக்குள் ஒரு குழாய் வழியாகக் கடைவாய்ப் பற்களின் வேருக்கு அடியில் ஓடுகிறது. படத்தில் இரண்டு மெல்லிய வெள்ளைக் கோடுகளும் நடுவில் கறுப்பும் தெரிந்தால், அதுதான் குழாய். ஆனால் ஓ.பி.ஜி. தட்டையான படம். கொடியில் காயும் இரண்டு சேலைகள் எதிரே நின்று பார்த்தால் ஒட்டிக்கொண்டிருப்பது போலத் தெரியும். பக்கவாட்டில் போய்ப் பார்த்தால்தான் நடுவில் ஆள் நடக்க இடம் இருப்பது புரியும். வேரும் குழாயும் அப்படித்தான்.

வேர் குறுக்கிடும் இடத்தில் வெள்ளைக் கோடு அறுந்திருக்கிறதா, வேர் கறுத்திருக்கிறதா, குழாய் ஒடுங்கி அல்லது வளைந்து போகிறதா என்று பாருங்கள். இதில் ஒன்று இருந்தாலும் டாக்டர் கேட்பது நியாயம். குழாய் வேரைவிட்டு நன்றாகத் தள்ளியிருந்தால் சி.பி.சி.டி. வேண்டியதில்லை.

போன மாதம் ஒரு தம்பியின் படத்தில் வேர் நுனியில் கறுப்புப் பட்டை. மேல் வெள்ளைக் கோட்டையே காணோம். சி.பி.சி.டி.யில் குறுக்காக வெட்டிப் பார்த்தோம். குழாய் வேரின் நாக்குப் பக்கத்தில், நடுவில் எலும்பே இல்லாமல், அமுங்கித் தட்டையாகக் கிடந்தது. டாக்டர் வேரைத் தொடாமல் பல்லின் தலையை மட்டும் வெட்டி எடுத்தார். இப்படி முடிவை மாற்றும்போதுதான் இரண்டாவது படத்துக்கு அர்த்தம். மற்றபடி, ஓ.பி.ஜி.யோடு ஒப்பிட்டு நடந்த ஆய்வுகளில், சி.பி.சி.டி. எடுத்ததால் மட்டும் உதடு மரத்துப்போவது குறைந்ததாகத் தெரியவில்லை.

தாட்டோன்: கதிர்வீச்சு எவ்வளவு? பயமாக இருக்கிறது.

ஓ.பி.ஜி. சுமார் 10 முதல் 25 மைக்ரோசீவர்ட். மண்ணிலிருந்தும் வானத்திலிருந்தும் சில நாட்களில் தானாகவே நமக்குக் கிடைக்கும் அளவு அது. சி.பி.சி.டி. எடுக்கும் பரப்பைப் பொறுத்து மாறும்: ஒரு பல்லைச் சுற்றி மட்டும் என்றால் சில பத்துகள், முகம் முழுவதும் என்றால் சில நூறுகள். அதனால் "அந்தப் பல் பக்கம் மட்டும் போதுமா?" என்று தயங்காமல் கேளுங்கள். குழந்தைகளுக்கு எடுப்பதென்றால் இதை நான் கண்டிப்பாகச் சொல்வேன்.

பெகு: சி.பி.சி.டி.யில் நரம்பே தெரியுமாமே, அக்கா?

தெரியாது. தெரிவது நரம்பு போகும் எலும்புக் குழாயின் சுவர். நரம்பை நேராகப் பார்க்க எம்.ஆர்.ஐ. வேண்டும், அதில் கதிர்வீச்சும் இல்லை. நாக்கு நரம்பு எலும்புக்கு வெளியே சதையில் போவதால் சி.பி.சி.டி.யில் அகப்படாது. ஆனால் எம்.ஆர்.ஐ.க்கு நேரமும் செலவும் அதிகம், வாயில் உலோகம் இருந்தால் படம் கெடலாம். சாதாரணமாகப் பல் பிடுங்க அது தேவைப்படாது.

ரங்கூன்: அப்பாவுக்கு இம்பிளாண்ட் (எலும்பில் பதிக்கும் செயற்கைப் பல்) வைக்க ஓ.பி.ஜி.யில் அளந்தால் போதுமா?

அதை மட்டும் நம்ப வேண்டாம். ஓ.பி.ஜி. உருவத்தைச் சுமார் கால்பங்கு பெரிதாக்கிக் காட்டும், அதுவும் எல்லா இடத்திலும் ஒரே மாதிரி இல்லை. குழாய்க்கு மேலே 2 மில்லிமீட்டராவது விட வேண்டிய வேலையில் அது பெரிய பிழை. எலும்பின் அகலமும் அதில் தெரியாது. இங்கே சி.பி.சி.டி.யே சரி.

மோல்மேன்: அம்மாவுக்குப் பல் எடுத்து மூன்று வாரம். கீழுதடு இன்னும் மரத்தே இருக்கிறது.

பல் எடுத்த டாக்டரிடம் இன்றே கூட்டிப்போங்கள். வேர்த் துண்டோ எலும்போ குழாயை அழுத்துகிறதா என்று படத்தில் பார்ப்பார்கள். எந்த இடம் வரை மரத்திருக்கிறது என்று வரைந்து வைக்கச் சொல்லுங்கள். அடுத்த முறை ஒப்பிட உதவும். பெரும்பாலோருக்குச் சில வாரங்களிலோ மாதங்களிலோ உணர்வு திரும்பிவிடும். அதுவரை மொஹிங்காவை (மீன் குழம்பு நூடுல்ஸ்) ஆறவைத்துக் கொடுங்கள். சூடு தெரியாமல் உதடு வெந்து வந்தவர்களைப் பார்த்திருக்கிறேன்.

அப்புறம், எடுத்த இடத்தில் காகிதப் பிரிண்டோடு திரும்பிவிடாதீர்கள், சி.பி.சி.டி. முழுக் கோப்பையும் கேட்டு வாங்குங்கள். டாக்டர் அதை ஒவ்வொரு வெட்டாக நகர்த்திப் பார்த்தால்தான் குழாய் வேரின் எந்தப் பக்கம் போகிறது என்று தெரியும்.