முதல் சம்பளத்தை யாரோடு ஒப்பிடுவது?

கேள்வி: தொழிலகப் பாதுகாப்பில் பட்டப்படிப்பு முடித்திருக்கிறேன். கையில் இரண்டு ஆஃபர்கள் இருக்கின்றன. ஒன்று கட்டுமான வேலை. மேன்பவர் ஏஜென்சி மூலம் எடுக்கிறார்கள். தினம் 12 மணி நேர ஷிப்ட், வாரம் 6 நாள். இரவில் முழு சைட்டுக்கும் நான் ஒருவன்தான் சேஃப்டி ஆபீசர். விபத்தே பதிவாகாத மாதத்துக்குத் தனி போனஸ் உண்டு. இன்னொன்று ரசாயனத் தொழிற்சாலை; 8 மணி நேரம், வாரம் 6 நாள், மூத்த அதிகாரி ஒருவரின் கீழ் வேலை. சம்பளம் முதல் இடத்தில் கால் பங்கு அதிகம். தொழிற்சாலையில் என்னோடு சேரும் புரொடக்‌ஷன் இன்ஜினீயர்களைவிடவும் எனக்குக் குறைவு. ஏன் என்று கேட்டால், “சேஃப்டி வருமானம் தருகிற துறை இல்லையே” என்கிறார் ஹெச்.ஆர். இந்தத் துறையில் நியாயமான தொடக்கச் சம்பளம் எவ்வளவு? எதில் சேரட்டும்?

பதில்: இவ்வளவு என்று ஒரு தொகையை நான் சொன்னால் அது உங்களுக்கு உதவாது. ஊருக்கு ஊர், தொழிலுக்குத் தொழில் அது மாறும். ஆனால் அளந்து பார்க்க ஒரு அளவுகோல் இருக்கிறது, அதை நீங்களே கண்டுபிடித்தும் விட்டீர்கள்: அதே நிறுவனத்தில், அதே படிப்புத் தகுதியோடு, அதே வாரம் சேரும் புரொடக்‌ஷன் இன்ஜினீயருக்கு என்ன சம்பளம்? அதற்குக் குறைந்தால் நியாயமில்லை என்பது என் கட்சி.

காரணம் தன்மானம் மட்டுமல்ல. நாளைக்கு அந்த இன்ஜினீயரிடம் போய் “வேலையை நிறுத்துங்கள்” என்று சொல்ல வேண்டியவர் நீங்கள். சம்பளப் பட்டியலில் ஒரு படி கீழே உட்கார வைத்துவிட்டு, சைட்டில் மட்டும் சமமாகப் பேசு என்றால் எப்படி? யார் சொல் எடுபடும், யார் சொல் எடுபடாது என்பது தொழிலாளர்களுக்கும் சீக்கிரமே தெரிந்துவிடும்.

ஹெச்.ஆர். சொன்னதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளாதீர்கள். அவருடைய துறையும் வருமானம் தருவதில்லை. அதற்காக அவர் சம்பளத்தைக் குறைத்துக்கொண்டதாகத் தெரியவில்லை. பாதுகாப்பான, ஆரோக்கியமான பணிச்சூழலை 2022-ல் சர்வதேச தொழிலாளர் அமைப்பு அடிப்படை உரிமைகளின் வரிசையில் சேர்த்துவிட்டது. குழந்தைத் தொழிலாளர் ஒழிப்பு, சங்கம் சேரும் உரிமை எல்லாம் இருக்கிற அதே வரிசை. லாப நஷ்டக் கணக்கில் அடங்குகிற விஷயம் இல்லை இது.

சரி, கட்டுமான ஆஃபருக்கு வருவோம். கால் பங்கு அதிகம் என்பது மாதக் கணக்கு. மணிக் கணக்கில் பாருங்கள். தொழிற்சாலையில் வாரம் 48 மணி நேரம், இங்கே 72. நேரம் ஒன்றரை மடங்கு, சம்பளமோ ஒன்றேகால் மடங்குதான். ஒரு மணி நேர உழைப்புக்கு, தொழிற்சாலை தருவதைவிட ஆறில் ஒரு பங்கு குறைவாகத்தான் இவர்கள் தருகிறார்கள். கூடுதல் நேரத்துக்கு ஓவர்டைம் தனியாக உண்டா, ஏஜென்சி எவ்வளவு பிடித்துக்கொள்ளும், ஹெல்மெட், ஷூவுக்கெல்லாம் யார் பணம் என்பதையும் கேளுங்கள். கடைசிக் கேள்விக்குப் பதில் உங்களிடமே இருக்கட்டும்: பாதுகாப்பு நடவடிக்கைகளுக்குத் தொழிலாளர் கையிலிருந்து செலவு ஏதும் ஆகக்கூடாது என்று சர்வதேச தொழிலாளர் அமைப்பின் 1981-ஆம் ஆண்டு 155-வது உடன்படிக்கை சொல்கிறது.

ஆனால் எனக்கு அதிகம் உறுத்துவது பணம் இல்லை, அந்த இரவு ஷிப்ட். அது எப்படி இருக்கும் என்று சொல்கிறேன். விடியற்காலை இரண்டு மணிக்கு வெல்டிங் ஃபோர்மேன் ஹாட் ஒர்க் பர்மிட்டோடு, அதாவது தீப்பொறி பறக்கும் வேலைக்கான அனுமதித் தாளோடு, வந்து நிற்பார். எரிவாயு இருக்கிறதா என்று சோதித்து எழுத வேண்டிய கேஸ் டெஸ்ட் கட்டம் காலியாக இருக்கும். தீயணைப்பானோடு பக்கத்தில் நிற்க வேண்டிய ஆள் என்ற இடத்தில், ஏற்கனவே வேறு இடத்துக்குப் போய்விட்டவரின் பெயர் இருக்கும். “கிரேன் வெயிட்டிங்ல இருக்கு சார், ஒரு கையெழுத்துதான்” என்பார். அந்த நேரத்தில் போன் போட்டுக் கேட்க உங்களுக்கு மேல் ஒருவர் இருக்கிறாரா? இல்லையென்றால், படிப்பு முடிந்து மூன்று மாதம்கூட ஆகாத ஒருவரை மலிவான கையெழுத்துக்காக எடுக்கிறார்கள் என்று அர்த்தம். ஏதாவது நடந்தால் விசாரணையில் முதலில் எடுக்கப்படுவது அந்தத் தாள்தான்.

பர்மிட் வெறும் தாள் இல்லை என்பதற்கு வடகடல் எண்ணெய்த் தளமான பைப்பர் ஆல்ஃபா போதும். 1988 ஜூலையில், பராமரிப்புக்காக ஒரு பம்ப்பின் பாதுகாப்பு வால்வைக் கழற்றி வைத்திருந்தார்கள். பர்மிட்டில் இருந்த அந்தத் தகவல் ஷிப்ட் மாறும்போது அடுத்த குழுவுக்குப் போய்ச் சேரவில்லை. மற்ற பம்ப் நின்றுபோக, இதை ஓட்டினார்கள்; வாயு கசிந்து தளம் வெடித்தது. 167 பேர் இறந்தார்கள்.

விபத்தில்லா மாத போனஸ் இருக்கிறதே, அதைச் சம்பளக் கணக்கில் சேர்க்கவே சேர்க்காதீர்கள். காயத்தைப் பதிவு செய்ய வேண்டியவரே நீங்கள். பதிவு செய்தால் உங்கள் பணம் போகும். ஒருவர் விரல் நசுங்கி வந்து நிற்கும்போது “சின்ன அடிதானே, முதலுதவியோடு விட்டுவிடலாம்” என்று உங்களுக்கே தோன்ற ஆரம்பிக்கும். உங்கள் நேர்மைக்கு விலை வைத்துக் கையில் கொடுக்கிற ஏற்பாடு அது. பெரிய நிறுவனங்களும் இதில் சறுக்கியிருக்கின்றன. 2010 ஏப்ரலில் டீப்வாட்டர் ஹொரைசன் என்ற கடல் எண்ணெய்த் துரப்பணத் தளம் வெடித்து 11 பேர் இறந்தார்கள். அந்தத் தளத்தை நடத்திய டிரான்ஸ்ஓஷன், காயக் கணக்குகளை வைத்து அதே ஆண்டைப் பாதுகாப்பில் தன் மிகச் சிறந்த ஆண்டு என்று எழுதி, நிர்வாகிகளுக்கு போனஸும் கொடுத்தது. கண்டனம் கிளம்பிய பிறகு அந்தப் பணத்தை நன்கொடையாகக் கொடுத்தார்கள். போனஸ் வேண்டுமென்றால், மயிரிழையில் தப்பிய சம்பவங்களை எத்தனை பதிவு செய்தீர்கள், அதில் எத்தனைக்குத் தீர்வு கண்டீர்கள் என்பதை வைத்துத் தரச் சொல்லுங்கள்.

முதல் வேலைக்கு இன்னொரு மதிப்பும் உண்டு. பாதுகாப்புத் துறையினருக்குச் சான்றிதழ் வழங்கும் அமெரிக்காவின் பி.சி.எஸ்.பி அமைப்பு தரும் சி.எஸ்.பி (சான்று பெற்ற பாதுகாப்பு நிபுணர்) தகுதிக்குப் பட்டத்தோடு 4 ஆண்டு அனுபவமும் வேண்டும். எந்த அனுபவமும் செல்லாது. வேலையில் பாதியாவது பாதுகாப்புப் பணியாக, அதுவும் தொழில்முறைத் தரத்தில் இருக்க வேண்டும். ஸ்டோரில் ஹெல்மெட் எண்ணுவதும் ஹாஜர் எடுப்பதும் அதில் வராது. மூத்தவர் பக்கத்தில் இருந்தால் அபாய மதிப்பீடு, விபத்து விசாரணை எல்லாம் பார்த்துப் பழகலாம். அதனால்தான் என் ஓட்டு தொழிற்சாலைக்கு.

அதற்காகக் குறைந்த சம்பளத்தை அப்படியே வாங்கிக்கொள்ளாதீர்கள். ஹெச்.ஆரிடம் தனியாகப் பேசுவதைவிட, உங்களை எடுக்க விரும்பும் அந்த மூத்த அதிகாரியிடம் முதலில் பேசுங்கள். சேஃப்டிக்குச் சம்பளம் குறைவு என்பது அவருக்கும் பழைய புண்ணாக இருக்கும். புரொடக்‌ஷன் இன்ஜினீயருக்கு நிகரான கிரேடு கேளுங்கள். இந்த ஆண்டு பட்ஜெட்டில் இடமில்லை என்றால் நெபோஷ் (பிரிட்டனின் பாதுகாப்புத் தேர்வு வாரியம்) தருவது போன்ற தகுதிகளுக்கான கட்டணத்தை, பாண்டு எழுதி வாங்காமல், நிறுவனமே ஏற்கட்டும். வேலையை நிறுத்தும் அதிகாரம் உண்டு என்பதும், நீங்கள் யாருக்குக் கீழ் என்பதும் பணி விவரத்தில் எழுத்தில் வரட்டும். புரொடக்‌ஷன் மேனேஜருக்குக் கீழ் என்று வந்தால் மறுபடி யோசியுங்கள்.

“ஆறு மாதம் போகட்டும், அப்புறம் சம்பளத்தைச் சரி பண்ணிவிடலாம்” என்று சொல்வார்கள். சொல்லட்டும். அந்த ஆறு மாதம் எந்தத் தேதியில் முடிகிறது, எந்த கிரேடுக்கு மாற்றுவார்கள் என்று ஆஃபர் லெட்டரில் ஏற்றிய பிறகு கையெழுத்துப் போடுங்கள்.